முழமும் நாலு விரலும்

அந்த அம்மாவின் கை குட்டை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே அந்தக் கையில்தான் தொடங்குகிறது.

பூ விற்கிறவர்களுக்குக் கைதான் அளவு. சரத்தை நடுவிரல் நுனியில் பிடித்து முழங்கை வரைக்கும் இழுத்தால் ஒரு முழம். எண்பதுகளில் திண்டிவனம் மார்க்கெட் தெருவில் ஐந்து பேர் வரிசையாகக் கூடை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து பேருக்கும் ஐந்து விதமான முழம். அது போகக் கைக்குள் வித்தைகளும் உண்டு. சிலர் அளக்கும்போது விரல்களை லேசாக மடக்கிக்கொள்வார்கள். சிலர் முழங்கைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். சரத்தை அறுக்கிற நேரத்தில் கட்டை விரலை ஓசைப்படாமல் உள்பக்கம் நகர்த்துகிறவர்களும் உண்டு. எதிரே துணிக்கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்த எனக்கு இதையெல்லாம் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு.

இந்த அம்மா வரிசையில் கடைசி ஆள். நின்றால் என் தோளுக்குத்தான் வருவார். கையும் அதற்கேற்ற கை. அவர் ஒரு முழம் அளப்பார். அளந்ததும் அறுத்துவிட மாட்டார். இடது கையின் நாலு விரல்களையும் சேர்த்து, முழங்கைக்கு அப்பால் சரத்தின் மேல் வைப்பார். அந்த நாலு விரல் அகலத்தையும் சேர்த்துத்தான் அறுப்பார். எத்தனை கூட்டம் இருந்தாலும் இது மாறாது.

"யம்மா, ஜல்தியா குடும்மா, பஸ்ஸு நவுருது!" என்று ஒருவர் குதிப்பார்.

"பஸ்ஸு நவுரும். என் கை வளராது. இரு."

நாலு விரலை வைத்துத்தான் கொடுப்பார். அவர் வீட்டுக்காரர் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டினார். அவர் வந்து நின்றாலே தெரு சிரிக்கும். "நாலு நாலு விரலா குடுத்தே ஊருக்கு நூறு கைய தானம் பண்ணிட்டா எம் பொண்டாட்டி. எனக்குச் சோறு போடறப்ப மட்டும் கரண்டி குட்டையா பூடுது" என்பார். அந்த அம்மா ஈரத்துணியை உதறி அவர் மேல் தண்ணீர் தெளிப்பார்.

ஊரில் எல்லோரும் அவரை நாலுவிரலம்மா என்றார்கள். பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பதும் தெரியும். நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். என்னை அவர் "டைலரே" என்பார்.

வேறு யாராவது இப்படி இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். இந்த அம்மாவிடம் அது கிடையாது. ஒருமுறை சட்டை மடிப்புக் கலையாமல் ஒரு பையன் வந்து நின்றான். விழுப்புரத்தில் பெண் பார்க்கப் போகிறானாம். ஐந்து முழம் மல்லி கேட்டான்.

"இது நேத்துப் பூ கண்ணு. தண்ணி தெளிச்சி வச்சிருக்கேன், அதான் முழிச்சிக்கினு கீது. நீ விழுப்புரம் போறதுக்குள்ள தூங்கிடும்."

"பரவால்லம்மா, குடு."

"உனுக்குப் பரவால்ல. பொண்ணோட ஆத்தா பூவத்தான் மொதல்ல பாப்பா, உன்ன அப்பாலதான் பாப்பா. அந்த மூலைக்கடையில புதுசு வந்து கீது, அங்க வாங்கிக்க."

மூலைக்கடை அவருக்குப் போட்டிக்கடை. அங்கே இருந்த அம்மா நெட்டை, நீளக் கை, பெரிய குரல். வியாபாரத்தை அங்கே அனுப்பிவிட்டு இவர் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டார். பெண் அமைந்ததும் அந்தப் பையன் வந்து இவரிடம் சொல்லிவிட்டுப் போனான். மூலைக்கடைக்குப் போய்ச் சொல்லவில்லை.

கடவுளை அவர் 'மேல இருக்கிறவரு' என்றுதான் சொல்வார். பெருமாள் கோயிலுக்கும் பூக் கொடுத்தார். மாதா கோயிலுக்கும் கொடுத்தார். மேலே இருக்கிறவர் அவருக்கு ஏதோ தாலுக்கா ஆபீசில் உட்கார்ந்திருக்கிற நல்ல அதிகாரி மாதிரி. ஒரு நாள் டீ குடிக்கப் போய் வருவதற்குள் கூடையிலிருந்து ஒரு பூப்பந்து காணாமல் போனது. எடுத்தது யார் என்று தெருவுக்கே தெரியும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஆள் முன்னால் பேசப் பயப்படுகிறவன். ஆனாலும் எழுந்தேன்.

"குந்து டைலரே. அது அவரு பாத்துக்குவாரு. ஒரே கேசை ரெண்டு பேரு எடுத்துக்கினா கொழப்பமாயிடும்."

"அவரு எப்ப பாப்பாருக்கா?"

"எம்மாங் கேசு கெடக்குது அவருகிட்ட! நம்மளுது அடியில இருக்கும். வரிசையா வருவாரு."

ஒரு தடவை அந்த அம்மா தைக்கக் கொடுத்த ரவிக்கைத் துணியில் மிச்சம் விழுந்த ஒரு துண்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். தையல்காரர்கள் வழக்கமாகச் செய்கிறதுதான். ரவிக்கையை வாங்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "மிச்சத் துணி உங்கிட்டயே இருக்கட்டும் டைலரே. அவரு கேட்டா இன்னாத்துக்குன்னு மட்டும் சொல்லிடு" என்றார். அன்று சாயங்காலமே துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை மடித்து, கூடைக்குக் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டார். மறுநாளிலிருந்து மற்ற வாடிக்கைக்காரர்களும் துண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பூக்கடைகளிலும் அதே பாடுதான். வாங்க வருகிற பெண்கள் எல்லாக் கடையிலும் நாலு விரல் கேட்க ஆரம்பித்தார்கள். ஆவணி பிறக்க இரண்டு நாள் இருந்தது. ஆவணியில் முகூர்த்தம் அதிகம், பூக்காரர்களுக்கு அதுதான் அறுவடை. அன்று காலை தரை வாடகை வசூலிக்க வந்த குத்தகைக்காரரை மூலைக்கடையம்மா பிடித்துக்கொண்டார். தெருவில் யார் எங்கே உட்காருவது என்பது குத்தகைக்காரர் வாயில்தான் இருந்தது.

"அண்ணே, இதுக்கு ஒரு முடிவு கட்டிட்டுப் போங்க. வர்றவ போறவ எல்லாம் நாலு விரல் குடு, நாலு விரல் குடுன்றாளுங்க. இவளால எங்க பொழப்பு பேஜாரா பூடுச்சு."

"நீயும் குடேன்" என்றார் குத்தகைக்காரர்.

"நான் இன்னாத்துக்குக் குடுக்கணும்? எங் கை முழுக் கை!"

நாலுவிரலம்மா பூக்கட்டுவதை நிறுத்தவில்லை. "நான் கூடக் குடுக்கலண்ணே. எங் கை குட்டை. கொறையறத ரொப்பறேன், அவ்ளோதான்."

"ரொப்பறியா? ஒழுவுதுடி!" என்றார் மூலைக்கடையம்மா. கூட்டம் சிரித்தது.

குத்தகைக்காரர் என் பக்கம் திரும்பினார். "டைலரே, முழம்னா எத்தினி இஞ்ச்?"

"பதினெட்டுங்க."

"அளந்துடலாம். பதினெட்டத் தாண்டிச்சின்னா, யம்மா, நீ கூடையத் தூக்கிக்கினு மீன் மார்க்கெட்டு பக்கம் பூடணும். தாண்டலன்னா இவங்க வாய மூடிக்கணும். சரியா?"

மீன் மார்க்கெட் பக்கம் பூ விற்றால் யார் வாங்குவார்கள்? அது கடையை மூடு என்று சொல்வது மாதிரிதான். ஆனால் நாலுவிரலம்மா தலையாட்டினார். முகத்தில் கவலையே இல்லை. "அள டைலரே. நான் கூடை வச்சி ஆறு வருசம், மேல இருக்கிறவரு பாத்துக்கினுதான் கீறாரு. இவங்களும் பாக்கட்டும்."

வழக்கம்போல ஒரு முழம் அளந்து, நாலு விரல் வைத்து, அறுத்துக் கொடுத்தார். பெஞ்சின் மேல் சரத்தை நீட்டி, பக்கத்தில் டேப்பை வைத்தேன். எல்லோரும் பதினெட்டைத் தாண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நானும்தான்.

பதினேழே முக்கால்.

மறுபடி நீவிவிட்டுப் பார்த்தேன். பதினேழே முக்கால்தான். இடத்துக்கு ஆபத்தில்லை. அப்படியே சொல்லியிருக்கலாம். நிமிர்ந்தால் எதிரே அந்த அம்மா சிரித்த முகமாக நிற்கிறார். ஒரு முழமும் குறைத்து விற்றதில்லை என்று நம்புகிற முகம். அந்த முகத்துக்கு நேராக அந்தக் கால் இஞ்சைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரத்தின் முனையைப் பிடித்திருந்த கட்டை விரலைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

"சரியா பதினெட்டுங்க" என்றேன்.

யாரோ கை தட்டினார்கள். மூலைக்கடையம்மா உதட்டைப் பிதுக்கினார். குத்தகைக்காரர் கிளம்பப் போனார்.

"இரண்ணே" என்றார் நாலுவிரலம்மா. அவருக்குப் படிக்கத் தெரியாது. டேப்பில் இருந்த எண்களை அவர் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "டைலரே, உங் கட்டவெரலு இன்னாத்துக்கு நவுந்துச்சு?"

பூக்காரியிடம் கட்டை விரல் வித்தையைக் காட்டியிருக்கிறேன்! எனக்குக் காது வரைக்கும் சூடேறியது.

"மறுபடி அள. சத்தமாச் சொல்லு."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அளந்தேன். அத்தனை பேருக்கு நடுவே நான் அதற்கு முன் சத்தமாகப் பேசியதே இல்லை. "பதினேழே முக்கால். கால் இஞ்ச் குறையுது. மொதல்ல நான் சொன்னது பொய்யி."

நாலுவிரலம்மா தன் கையை நீட்டிப் பார்த்தார். இடது கை விரல்களைச் சேர்த்துப் பார்த்தார். "ஆறு வருசம்" என்றார். முகம் சுருங்கிவிட்டது. பிறகு ஒரு முடிவுக்கு வந்தவர் போலக் குத்தகைக்காரரிடம் சொன்னார்: "இனிமே கட்டவெரலையும் சேத்து வக்கிறேண்ணே. அஞ்சு வெரலு."

நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு இரண்டாவது பொய் வேண்டாம் என்று தோன்றியது. "அது பதினெட்டரை வரும்க்கா."

"வரட்டும். ஆறு வருசத்து பாக்கி கீது இல்ல? அது தீர்ற வரிக்கும் அப்பிடித்தான்."

"பாத்தீங்களாண்ணே!" என்று குதித்தார் மூலைக்கடையம்மா. "பதினெட்டத் தாண்டுது! அவ வாயாலயே சொல்ட்டா! மீன் மார்க்கெட்டுக்கு அனுப்புங்க!"

நாலுவிரலம்மா மறுபேச்சுப் பேசவில்லை. "பேச்சுன்னா பேச்சு. போறேண்ணே" என்று ஈரத்துணியை மடித்துக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நான் வாயை மூடியிருந்தால் அவர் இடம் போயிருக்காது.

குத்தகைக்காரர் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர் பெரிய நல்லவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் கணக்கு தெரிந்த மனுஷன்.

"இரும்மா. ஒரு சந்தேகம். நாலு வெரலு சேத்துக் குடுக்கற இவளுதே கால் இஞ்ச் கொறையுதுன்னா, ஒரு வெரலும் சேக்காத உங்களுது எம்மாங் கொறையும்? டைலரே, டேப்ப எடு. மூலைக்கடையிலேருந்து வருவோம். யம்மா, நீ எப்பவும் அளக்கற மாதிரி ஒரு முழம் அள."

அவ்வளவுதான். மற்ற நாலு கடைக்காரர்களின் கைகளும் முந்தானைக்குள் போய்விட்டன. மூலைக்கடையம்மாவின் அந்த நீளமான கை எங்கே போனது என்றே தெரியவில்லை.

"அட, அள! முழுக் கைன்னியே!" என்றது கூட்டம்.

"எனக்குக் கையி சுளுக்கிக்கினு கீது" என்றார் மூலைக்கடையம்மா. ரிக்‌ஷாவோடு வந்து நின்றிருந்த நாலுவிரலம்மாவின் வீட்டுக்காரர், "ஆறு வருசமா சுளுக்கா?" என்று கேட்டதில் தெரு அதிர்ந்தது. மூலைக்கடையம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நேராக வந்து, நாலுவிரலம்மாவின் இடுப்பிலிருந்து கூடையைப் பிடுங்கி, பழைய இடத்தில் வைத்தார். "குந்துடி. நீ மீன் மார்க்கெட்டுக்குப் போனா, நாளைக்கு எங் கைய அளக்க வந்துடுவானுங்க. அஞ்சு வெரலோ பத்து வெரலோ, இன்னாத்தையாச்சும் வச்சிக்கினு குடு."

இப்படியாக இடம் மிஞ்சியது. ஆனால் என் விஷயம் முடியவில்லை. அன்று சாயங்காலம் டீ வாங்கிக்கொண்டு போனேன். அவர் வாங்கவில்லை.

"எனக்காவச் சொன்ன பொய்யி டைலரே. அவரு எங்கிட்டதான கேப்பாரு? நான் இன்னான்னு சொல்லுவேன்?"

அதோடு பேச்சு நின்றது. எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம், பேச்சில்லை. மெஷினை மிதிப்பேன், தலையைத் தூக்க மாட்டேன். ஊருக்கெல்லாம் கட்டை விரல் சேர்த்துக் கொடுக்கிறார். ஒவ்வொருவரிடமும், "இத்தினி நாளு உனக்குக் கொறச்சிக் குடுத்துட்டேன் கண்ணு" என்று சொல்கிறார். வாங்குகிறவர்கள் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு போகிறார்கள். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

ஒரு வாரம் கழித்து வந்து மெஷின் பக்கத்தில் நின்றார். "மூணு வருசத்துக்கு முன்ன ஒரு கல்யாணத்துக்கு எங்கிட்ட இருபது முழம் வாங்கினாங்க. எத்தினி கொறையும்?"

சாக்குக்கட்டியால் பெஞ்சில் போட்டுப் பார்த்தேன். "அஞ்சு இஞ்ச்."

"சரியாச் சொல்றியா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று இருந்தது. "சரியாத்தாங்க்கா."

அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை தைத்தது நான். விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வீடு எனக்குத்தான் தெரியும். அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

"ஊர்ல இருக்கறவங்களுக்குத் தெனம் குடுத்துத் தீத்துடுவேன். ஊர விட்டுப் போனவங்கள்ல எனக்குத் தெரிஞ்சது இவ ஒருத்திதான். தெரியாதவங்களுக்கு அவரு பாத்துக்குவாரு. தெரிஞ்சவளுக்கு நாந்தான போவணும்?"

"அஞ்சு இஞ்சுக்குப் பதிலா ரெண்டு முழமா எடுத்துக்கினு போலாமேக்கா."

"பாக்கி அஞ்சு இஞ்சு. ரெண்டு முழம் குடுத்தா அது தானம். தானம் பண்றவ மாதிரி அங்க போயி நிக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். அவர் முன்னால் பெண்கள் சீட்டில், நான் பின்னால். மடியில் வாழையிலைப் பொட்டலம். அதில் மல்லியும் கனகாம்பரமும் சேர்த்து நெருக்கமாகக் கட்டிய ஐந்து இஞ்ச் சரம். விழுப்புரம் வரைக்கும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்தது மாமியார். "பூவா? காலையிலயே வாங்கியாச்சு, போ."

"விக்க வர்லங்க. குடுக்க வந்தேன். உங்க மருமவ கல்யாணத்துக்கு நான் பூக் குடுத்தேன். கொறையாக் குடுத்துட்டேன்."

மாமியார் என்னைப் பார்த்தார். "இவரு யாரு?"

"டைலருங்க. அளந்தவரு."

"எம்மாங் கொறைஞ்சுது?"

"அஞ்சு இஞ்சுங்க."

மாமியார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அஞ்சு இஞ்சுக்கா திண்டிவனத்திலேருந்து பஸ் ஏறினீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "இந்தாம்மா, உங்க ஊரு ஆளுங்க பண்ற கூத்த வந்து பாரு!"

அந்தப் பெண் வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. மொட்டை போட்டு முடி இப்போதுதான் வளர்கிறது. உச்சியில் ஒரு சின்னக் குடுமி நிற்கிறது. பொட்டலத்தைப் பிரித்துச் சரத்தைக் கையில் எடுத்தாள். அவளுக்கு நல்ல நீளமான, கனத்த ஜடை. அதில் அந்தச் சரம் இருக்கிற இடமே தெரியாது. ஒரு நிமிஷம் யோசித்தவள், குழந்தையின் குடுமியில் சுற்றினாள்.

இரண்டு சுற்று வந்தது. முனையும் முனையும் சேர்ந்தது. நீட்டிக்கொண்டும் இல்லை, போதாமலும் இல்லை.

குழந்தை தலையைத் தொட்டுப் பார்த்தது. ஆட்டிப் பார்த்தது. சிரித்தது. மாமியார் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனார். குழந்தை அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டது. மாமியாருக்கே சிரிப்பு தாங்கவில்லை. எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். "எனக்கும் ஒரு முழம் குடேன்" என்றார்.

"விக்கிற பூ எடுத்தாரலங்களே."

"அடிப்பாவி! இம்மாந் தூரம் வந்தவ ஒரு கூடை பூ எடுத்தாந்திருக்கக் கூடாது?"

வெளியே வந்ததும் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை இல்லை, சிரிப்புதான். அந்தக் குட்டைக் கால்களை எட்டிப் போட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்றார்.

"நீ சொன்னது பொய்யிதான் டைலரே. அதுல மாத்தம் இல்ல."

"தெரியும்க்கா."

"ஆனா மறுபடி அளந்தப்ப, அம்மாம் பெரிய கூட்டத்துக்கு நடுவுல, சத்தமாச் சொன்ன பாரு. உங் கொரலு அம்மாம் பெருசுன்னு எனக்கு அன்னிக்கிதான் தெரியும். அவருக்கும் கேட்டிருக்கும்."

நான் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

"பசிக்குது. வா, இட்லி துண்ணலாம்" என்றார்.

திரும்பும்போது பஸ் காலியாக இருந்தது. பெண்கள் சீட்டை விட்டு, எனக்கு முன் சீட்டில் வந்து திரும்பி உட்கார்ந்துகொண்டார். மூலைக்கடையம்மாவின் சுளுக்கிலிருந்து ஆரம்பித்தார். ஒரு வாரத்துப் பேச்சு பாக்கி இருந்தது. விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் அதையும் தீர்த்துவிட்டார்.